வயலில் வில்லன்... அட்டையில் ஹீரோ! குருத்துப்பூச்சியை அடக்க வரும் ரவைப் பூச்சி

நெல் வயலில் தலை குனிந்து நிற்கும் கதிர்தான் நல்ல கதிர். மணி முற்ற முற்றத் தானாகச் சாயும். சுற்றிலும் எல்லாம் சாய்ந்திருக்க, நடுவில் ஒரு கதிர் மட்டும் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்றால் பயிர் வைத்தவருக்கு வயிற்றைக் கலக்கும். அதைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். உருவிப் பார்த்தால் அத்தனையும் பதர்.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட கரிக்கலாம்பாக்கம் பக்கத்தில் இந்தக் கதிரை அடையாளம் தெரியாத விவசாயி யாரும் இருக்க முடியாது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது பாகூர் வட்டாரம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் மாறி மாறி நெல் நிற்கும் ஊர்களில், நெல்லை மட்டுமே நம்பி வாழும் ஒரு பூச்சிக்கும் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இருக்காது அல்லவா? அதுதான் குருத்துப்பூச்சி. வேளாண்மைப் புத்தகங்களில் ‘மஞ்சள் தண்டுத் துளைப்பான்’. விஞ்ஞானிகள் வைத்த பெயர் சிர்போஃபாகா இன்செர்டுலஸ்.

வெண்கதிரில் பெரிய கொடுமை, அது கண்ணில் படும் நேரம்தான். அதற்குள் நாற்றங்கால் செலவு, நடவுக் கூலி, களை எடுத்த கூலி, உரம் என்று போட வேண்டிய காசெல்லாம் போட்டாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு மருந்து அடித்தாலும் அந்தக் கதிர் திரும்பப் பால் பிடிக்காது. ஆனாலும் மனசு கேட்காமல் உரக்கடைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். கைக்காசும் போகிறது, வயலில் இருக்கும் நல்ல பூச்சிகளும் போகின்றன.

இந்தப் பூச்சியை முட்டையிலேயே மடக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குத் துணைக்கு வருவது யார் தெரியுமா? நம் வீட்டு ரவை டப்பாவில் வலை பின்னும் அதே அந்துப்பூச்சி!

பாகம் பிரித்த பங்காளிகள்

ரவையோ, உடைத்த கம்போ, பழைய அரிசியோ நாள்பட்டுக் கிடந்தால் உள்ளே நூல் நூலாக வலை கட்டி, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். டப்பாவைத் திறந்ததும் சாம்பலும் பழுப்பும் கலந்த சின்னப் பூச்சி ஒன்று படபடவென்று பறந்து சுவரில் போய் உட்காரும். கார்சைரா செஃபலோனிகா என்பது அதன் அறிவியல் பெயர். கார்சைரா, செஃபலோனியா இரண்டுமே கிரேக்கத் தீவுகளின் பெயர்கள். நம்மூர் அரிசிப் பானையில் குடியிருக்கும் பூச்சிக்கு எவ்வளவு ஸ்டைலான பெயர்!

வயலில் நெல் தண்டைத் துளைப்பதும், வீட்டில் ரவையைக் கெடுப்பதும் நெருங்கிய சொந்தம். இரண்டுமே ‘மூக்கு நீண்ட அந்துப்பூச்சிகள்’ என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. பக்கவாட்டில் பார்த்தால் முகத்துக்கு முன்னால் கூர்மையாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க மூக்கு மாதிரி இருந்தாலும் அது மூக்கு அல்ல. வாயின் கீழுதட்டுப் பகுதியில் முளைத்த இரண்டு உணர்வு உறுப்புகள் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் நீண்டிருப்பதுதான் அப்படித் தெரிகிறது.

உலகம் முழுக்க இந்தக் கூட்டத்தில் சுமார் 16,000 வகைகளுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பு எல்லாவற்றையும் பைராலிடே என்ற ஒரே குடும்பமாக எழுதிவந்தார்கள். பிறகு சொத்தைப் பாகம் பிரிப்பது போல பைராலிடே, கிராம்பிடே என்று இரண்டு குடும்பமாகப் பிரித்தார்கள். ரவைப் பூச்சி முதல் வீட்டில், குருத்துப்பூச்சி இரண்டாவது வீட்டில். பிரிக்க முக்கியக் காரணமாக இருந்தது காது.

ஆமாம், இவற்றுக்குக் காது உண்டு. தலையில் இல்லை, வயிற்றின் அடிப்பக்கத்தில், தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. அந்தக் காதைச் சுற்றியுள்ள கூடு ஏறக்குறைய மூடியிருந்தால் பைராலிடே, முன்பக்கம் திறந்திருந்தால் கிராம்பிடே. இரவில் இரை தேடும் வௌவால் எழுப்பும் ஒலி நமக்குக் கேட்காது. இவற்றுக்குக் கேட்கும். கேட்டதும் சட்டென்று திசை மாறும், சில வகைகள் சிறகை மடக்கிக் கீழே விழும். தேன்கூட்டின் மெழுகைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சியும் இதே கூட்டம்தான். அதற்கு 300 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் கண்டுபிடித்தார்கள். மனிதக் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். இதுவரை அறிந்த எந்த வௌவாலும் அந்த அளவு உயர்ந்த ஒலியை எழுப்புவதில்லை. எதிரி இன்னும் கற்றுக்கொள்ளாத வித்தைக்கும் சேர்த்துக் காது வைத்திருக்கிறது அந்தப் பூச்சி.

ஒரு தூருக்கு ஒரு புழு

குருத்துப்பூச்சிக்கு வருவோம். பெண் பூச்சிக்கு வைக்கோல் மஞ்சளில் சிறகு. முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டை வைத்தே பள்ளிப் பிள்ளைகள்கூட அடையாளம் சொல்லிவிடலாம். ஆண் கொஞ்சம் சின்னது, நிறமும் மங்கல். வளர்ந்த பூச்சி பயிரைக் கடிப்பதில்லை. சில நாள் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

முட்டைகளைக் குவியலாக, நெல் இலையின் நுனிப் பக்கம் இடும். ஒரு குவியலில் 15 முதல் 80 முட்டை வரை இருக்கும். இட்டு முடித்ததும் தன் வயிற்றின் பின்பக்கத்து மயிரை உதிர்த்து அதன் மேல் போர்வை போலப் போர்த்திவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் இலையில் பழுப்பாக ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருப்பது போல இருக்கும். இந்தப் போர்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பிரச்னை இதனால்தான் வருகிறது.

ஐந்து முதல் எட்டு நாளில் முட்டை பொரியும். வெளியே வரும் புழுக்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதில்லை. வாயிலிருந்து நூல் விட்டுத் தொங்கும், காற்று வந்து அடுத்த குத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்படிப் பிரிந்த புழு இலை உறைக்குள் நுழைந்து, சில நாளில் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். பெரும்பாலும் ஒரு தூருக்கு ஒரே புழு. உள்ளே போன பிறகு அதற்குச் சுற்றிலும் சுவர், நடுவில் சாப்பாடு. மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவது கஷ்டம்.

பயிர் தூர் கட்டும் பருவத்தில் புழு உள்ளே போனால் நடுக்குருத்து காய்ந்துவிடும். அந்த வயசில் பயிருக்குத் தெம்பு இருக்கிறது, பக்கத்தில் வேறு தூர் விட்டுச் சமாளித்துக்கொள்ளும். கதிர் வரும் பருவத்தில் போனால்தான் வெண்கதிர். அப்போது ஈடுகட்ட நாள் இல்லை.

புழு தண்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். அதற்கு முன் ஒரு வேலை செய்துவைக்கும். பூச்சியான பிறகு தண்டைக் கடித்து வெளியேற அதற்குத் தாடை கிடையாது. அதனால் புழுவாக இருக்கும்போதே வெளியே போக ஒரு ஓட்டை போட்டு, மெல்லிய பட்டு நூலால் அதை மூடிவிட்டுத்தான் தூங்கப் போகிறது.

இதே வயலில் இன்னும் இரண்டு பங்காளிகள் உண்டு. இலைச்சுருட்டுப்புழு நெல் இலையின் இரண்டு ஓரத்தையும் நூலால் இழுத்துத் தைத்து, உள்ளே படுத்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். வயல் முழுக்க வெள்ளைக் கோடு விழுந்து பார்க்கப் பயமாக இருக்கும். யூரியாவைத் தாராளமாக அள்ளிப் போட்ட வயலில்தான் இதற்குக் கொண்டாட்டம். கூண்டுப்புழு இன்னும் விசித்திரம். இலை நுனியை வெட்டிக் குழல் போலச் சுருட்டி அதற்குள் குடியிருந்து, அந்தக் குழலோடு தண்ணீரில் மிதந்து செடி விட்டுச் செடி போகும். அந்துப்பூச்சியின் புழுவாக இருந்தும் தண்ணீரில் மூச்சு விட உடம்பெல்லாம் செவுள் இழைகள்! ஆனால் அதன் பலமே பலவீனமும். வயலில் தண்ணீரை வடித்துவிட்டால் அதன் கதை முடிந்தது. தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் கயிற்றைப் பிடித்துப் பயிர் மேல் இழுத்துப் புழுவை உதிர்த்து வடிப்பது பழைய கைவைத்தியம்.

ரவைப் பூச்சி வேலைக்கு வருகிறது

டிரைக்கோகிரம்மா என்று ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டும் என்று பயப்பட வேண்டாம், அதன் நீளமே அரை மில்லிமீட்டர்தான். அந்துப்பூச்சிகளின் முட்டையைத் தேடிப் பிடித்து, அதற்குள் தன் முட்டையை வைக்கும். குளவியின் குஞ்சு உள்ளிருந்தே அந்த முட்டையைத் தின்று வளரும். அதிலிருந்து புழு வர வேண்டிய நாளில் குளவிதான் வரும்.

குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுப்புழுவுக்கும் கரும்பின் இடைக்கணுப்புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று ஆளுக்கு ஒன்று. சரி, இந்தக் குளவியை லட்சக்கணக்கில் வளர்க்க வேண்டுமானால் லட்சக்கணக்கில் அந்துப்பூச்சி முட்டை வேண்டுமே? குருத்துப்பூச்சியை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரும்பாடு, அதற்குப் பச்சை நெல் தண்டு வேண்டும். ரவைப் பூச்சிக்கு அப்படி எந்தப் பிகுவும் இல்லை. உடைத்த கம்பு போதும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை ஏறக்குறைய ஒரு சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். உடைத்த கம்பு இரண்டரை கிலோ எடுத்து, ஏற்கெனவே இருக்கும் பூச்சியும் முட்டையும் சாக, சூடாக்கி ஆறவைக்க வேண்டும். அதனுடன் 100 கிராம் நிலக்கடலைத் தூள், 5 கிராம் ஈஸ்ட், சிலந்திப்பேன் வராமலிருக்க 5 கிராம் நனையும் கந்தகம். பிளாஸ்டிக் தட்டில் இதைப் பரப்பி, மேலே ரவைப் பூச்சியின் முட்டையைத் தூவி, துணியால் மூடிக் கட்டிவிட வேண்டும். ஒரு மாதம் தாண்டியதும் பூச்சிகள் வெளிவரத் தொடங்கும். அவற்றைப் பிடித்துக் கம்பி வலை போட்ட கூண்டில் விட்டால் முட்டைகள் வலை வழியாகக் கீழே கொட்டும்.

ஊரெல்லாம் ஒழிக்கப் பார்க்கும் பூச்சியை இங்கே காவல் காத்து வளர்க்கிறார்கள். காவல் என்பது சும்மா சொல்லவில்லை. பிராகான் என்ற வேறொரு குளவி உள்ளே புகுந்துவிட்டால் ரவைப் பூச்சிப் புழுக்களையெல்லாம் கொட்டிக் காலி செய்துவிடும். அதனால் ஜன்னலுக்கு வலை, கதவுக்கு வலை. வேலை செய்பவர்களுக்கு வேறு தொல்லை. பூச்சியின் சிறகிலிருந்து உதிரும் செதில் மாவு போலக் காற்றில் பறக்கும், முகக்கவசம் இல்லாவிட்டால் தும்மலும் மூச்சிரைப்பும்தான்.

சேகரித்த முட்டைகளைப் புற ஊதா விளக்கின் அடியில் சிறிது நேரம் வைப்பார்கள். முட்டை முட்டையாகவே இருக்கும், ஆனால் உள்ளிருக்கும் கரு செத்துவிடும். இல்லாவிட்டால் வயலுக்கு அனுப்பும் அட்டையில் ரவைப் பூச்சிப் புழு பொரிந்து மற்ற முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். பிறகு பசை தடவிய அட்டையில் முட்டைகளைத் தூவி, குளவிகளோடு சேர்த்துப் பையில் அடைத்துவிடுவார்கள். மூன்று நான்கு நாளில் வெள்ளை முட்டைகள் கறுக்கும். கறுத்தால் குளவி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஒரு சி.சி. முட்டையில் 16,000 முதல் 18,000 வரை இருக்கும். அதுதான் விவசாயி கைக்கு வரும் ‘ஒட்டுண்ணி அட்டை’.

வயலில் அதைப் பயன்படுத்த மருந்து டேங்க் தேவையில்லை, ஸ்டேப்ளர் போதும். ஏக்கருக்கு 2 சி.சி. என்ற கணக்கில் அட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வயலில் பரவலாக, வெயில் நேரடியாகப் படாதபடி இலையின் அடிப்பக்கத்தில் பின் அடிக்க வேண்டும். குருத்துப்பூச்சிக்கு நடவு செய்த 30-ம் நாளும் 37-ம் நாளும். இலைச்சுருட்டுப்புழுவுக்கு 37, 44, 51-ம் நாட்கள். காலை அல்லது மாலை நேரம் நல்லது. அதே வாரத்தில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான், போட்ட அட்டைக்கு அர்த்தமில்லை.

இது மந்திர அட்டை அல்ல. மேலே சொன்ன மயிர்ப் போர்வை நினைவிருக்கிறதா? குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலில் மேல் அடுக்கு முட்டைகளைத்தான் இந்தக் குட்டிக் குளவியால் எட்ட முடிகிறது. அடியில் உள்ளவை தப்பிவிடும். அங்கே கைகொடுப்பது வயலில் இயற்கையாகவே இருக்கும் டெட்ராஸ்டிகஸ், டெலினோமஸ் என்ற வேறு குளவிகள். இவற்றை யாரும் விலைக்கு வாங்கி விடுவதில்லை. நாம் கொல்லாமல் இருந்தாலே போதும். நேரம் தவறினாலும் அட்டை வீண். முட்டை வயலில் இருக்கும்போது குளவியும் அங்கே இருக்க வேண்டும், புழு தண்டுக்குள் போன பிறகு குளவிக்கு அங்கே வேலையில்லை. பூச்சி நடமாட்டம் தெரிய விளக்குப் பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைக்கச் சொல்வது அதனால்தான்.

பக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இடம் உண்டு. இந்தியாவிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான். குரும்பாபேட்டில் இருக்கும் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் அது.

உலகம் சுற்றிய சொந்தங்கள்

இந்தப் பூச்சிக் கூட்டத்துக்கு வெளிநாட்டிலும் இதே இரட்டை வேடம்தான். ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக் கள்ளி பல கோடி ஏக்கரில் பரவி, விவசாயிகள் வீடு வாசலை விட்டு ஓடும் நிலை வந்தது. 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் புழுக்கள் பத்தே ஆண்டுகளுக்குள் கள்ளிக் காடுகளைத் தின்று தீர்த்தன. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சிக்கு நன்றி சொல்லி ஒரு மண்டபமே கட்டினார்கள். அதுவே 1989-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே இயற்கையாக வளரும் கள்ளிகளுக்கு எமனாகிவிட்டது.

இன்னொரு கதை நம் கத்தரிக்காய் வரை நீள்கிறது. ஜெர்மனியின் துரிஞ்சியாவில் மாவு ஆலையைக் கெடுக்கும் அந்துப்பூச்சி ஒன்று, ரவைப் பூச்சியின் நெருங்கிய உறவு, நோய் வந்து செத்துக் கிடந்தது. ஏர்ன்ஸ்ட் பெர்லினர் என்ற விஞ்ஞானி 1911-ல் அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, பிறகு ஊர் பெயரையே சேர்த்து ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்று பெயர் வைத்தார். சுருக்கமாக பி.டி. பருத்திக்குள் நுழைத்த பி.டி. மரபணு அதிலிருந்து வந்ததுதான். அதையே கத்தரியிலும் நுழைத்தபோது குறி வைக்கப்பட்டது கத்தரித் தண்டையும் காயையும் துளைக்கும் புழு. அதுவும் குருத்துப்பூச்சியின் குடும்பமே! 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரிக்குத் தடை போட்டார். 2013-ல் வங்கதேசம் அதை அனுமதித்தது.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் நடந்தது நம் உரக்கடை வாசலில் ஒட்ட வேண்டிய செய்தி. கே.எல். ஹியோங் என்ற பூச்சியியல் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், விதைத்த முதல் 40 நாளில் இலைச்சுருட்டுப்புழுவுக்கு மருந்து அடிப்பது வீண் செலவு என்று சொன்னார்கள். அந்த வயதில் தின்ற இலையைப் பயிர் தானே ஈடுகட்டிவிடும். இதை 1994-ல் லாங் ஆன் மாகாணத்தில் வானொலி நாடகமாகவும் துண்டுப் பிரசுரமாகவும் கொண்டுபோனார்கள். கேட்ட விவசாயிகள் மருந்து அடிப்பதைக் குறைத்தார்கள், விளைச்சல் குறையவில்லை.

ஸ்பெயினின் எப்ரோ டெல்டா நெல் வயல்களில் நம் குருத்துப்பூச்சியின் ஒன்றுவிட்ட சகோதரனைப் பிடிக்க வௌவால்களுக்கு மரப்பெட்டி வீடு கட்டி மாட்டினார்கள். வௌவால் பெருகியது, பூச்சித் தொல்லை குறைந்தது. நம்மூர்ப் பழைய மண்டபங்களில் வௌவால் குடியிருந்தால் விரட்டத்தான் பார்க்கிறோம்.

கரிக்கலாம்பாக்கம் வயல்களுக்குச் சில சின்ன வேலைகள் பாக்கி. நாற்றைப் பிடுங்கி நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் அதில் ஒட்டியிருக்கும் முட்டைக் குவியலும் போய்விடும். கிள்ளிய நுனியை வயலிலேயே போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல், இலையின் பச்சையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பிரித்துப் போடலாம். வயலில் ‘டி’ வடிவக் குச்சி நட்டால் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் தென்பட்டால் சும்மா இருக்கக் கூடாது.

அறுவடையையும் கவனிக்க வேண்டும். அறுவடை இயந்திரம் தாளை உயரமாக விட்டு அறுத்துவிட்டுப் போனால், அந்தத் தாளின் அடிக்கணுவில் குருத்துப்புழு படுத்திருக்கும். தரையோடு ஒட்டி அறுத்து, வயலை உடனே உழுது, தண்ணீர் கட்டினால் பெரும்பகுதி அழுகிச் சாகும். உழாமல் விட்ட வயலில் அது வெயில் காலம் முழுக்க அப்படியே கிடந்து, அடுத்த மழைக்கு எழுந்து, பக்கத்து நாற்றங்காலைத் தேடிப் பறக்கும்.